ஓடுது, ஆனா சரியில்ல

பொருள் விற்பது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. விற்ற பிறகு அதே வீட்டுக் கதவை மறுபடியும் தட்டுவதுதான் கஷ்டம்.

எண்பதுகளின் பின்பாதியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாத்திரக்கடையில் சேர்ந்தேன். அதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், லோரியில் சரக்கு ஏற்றி இறக்கினேன், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நின்றேன். ஆரம்பப்பள்ளி முடிந்ததும் வரும் புகுமுக வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இதில் எதுவும் குறைச்சல் இல்லை. ஓர் இடத்தில் தங்கத்தான் எனக்கு வராது. கடையில் மட்டும் கொஞ்சம் தங்கினேன். காரணம், மாடியில் எனக்கென்று ஓர் அறை. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், மழைக்கு ஒரு மூலை ஒழுகும். ஆனாலும் சாவி என்னிடம் இருந்தது. அதுவரை நான் படுத்த இடம் எதற்கும் என்னிடம் சாவி இருந்ததில்லை.

கடையில் உட்கார்ந்து விற்கும் வேலை முதலாளியுடையது. கிள்ளான், போர்ட் கிள்ளான், பண்டமாரான் என்று பஸ்ஸில் போய் வீடு வீடாக ஆர்டர் பிடித்து, பெட்டியைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுத்ததற்கு வரும் புகாரைக் கேட்பதும் என் வேலைதான். சேரும்போது அதை யாரும் சொல்லவில்லை.

உடைந்தது, ஓட்டை, மூடி பொருந்தவில்லை என்று வரும் புகார் பெரிய விஷயமில்லை. மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. என்னவென்று சொல்லாத புகார்தான் ஆளைக் கொல்லும். ஒரு அம்மா குக்கரைத் திருப்பிக் கொடுத்தார், விசில் யாரோ அழுகிற மாதிரி கேட்கிறதாம். இன்னொருவருக்குப் புதுக் குடத்தைப் பார்த்தாலே மனசு நன்றாக இல்லை. பிரிக்பீல்ட்ஸிலேயே ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரிப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இதில ஏதோ பிழை இருக்குது, தம்பி. என்ன பிழையெண்டு கண்டுபிடிக்கிறது உம்மட வேலை. என்ர வேலையில்லை."

இதற்கெல்லாம் நடையாய் நடந்தேன். பஸ்ஸில் போகும்போது புதுப் பெட்டி, வரும்போது பழைய பெட்டி. எடை என்னவோ ஒன்றுதான்.

பண்டமாரானில் ஒரு வரிசைப் பலகை வீடுகள். பாதிப்பேர் துறைமுகத்திலோ கிடங்கிலோ ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். வரிசையின் முதல் வீட்டில் முதலாளி மனைவியின் அக்கா இருந்தார். மிக்சி அந்த வருஷம்தான் இந்தியாவிலிருந்து நிறைய வரத் தொடங்கியது. முதல் மிக்சியை அந்த அக்கா வாங்கினார். அப்புறம் எனக்கு வேலை சுலபம். அடுத்த வீட்டுக்குப் போய், "அந்த அக்கா வாங்கிட்டாங்க, இப்பல்லாம் அம்மியைத் தொடுறதே இல்ல" என்பேன். அதற்கடுத்த வீட்டில், "ரெண்டு வீட்லயும் வாங்கிட்டாங்க, நீங்க மட்டும் என்னக்கா" என்பேன். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்தது, எல்லாம் என் வாயில் இருக்கும். தேநீர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்பார்கள். அப்படித்தான் அந்த வரிசை முழுக்க மிக்சி போனது.

நான்காவது வீட்டிலிருந்துதான் முதல் புகார் வந்தது. அந்த வீட்டுப் பெண்ணை நான் அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. கணவர் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுபவர்.

"மிக்சி சரியில்லண்ணே."

தேங்காய் போட்டு ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி அரைத்தது.

"ஓடுதே அக்கா."

"ஓடுது. ஆனா சரியில்ல."

"சத்தம் கூடவா இருக்கு? சூடாகுதா?"

"அதெல்லாம் இல்ல. நீங்க எடுத்துட்டுப் போங்களேன்."

பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுத் தகரக் கூரைமேல் ஒரு ஆள் நின்று டீவி ஏரியலைத் திருப்பிக்கொண்டிருந்தார். கடற்காற்று அதிகம் போல என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

புது மிக்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் அதுவும் சரியில்லை. அதற்குள் வேறு இரண்டு வீடுகளிலும் அதே பேச்சு. ஒரு அக்கா, "என்னமோ ஒத்துவரல" என்றார். இன்னொருவர், "வேணாம்னு தோணுது" என்றார். ஒருத்தி சொன்னது மற்றவளுக்குத் தெரியாது என்பது போலத்தான் மூன்று பேரும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

கொண்டுவந்த மிக்சியைக் கடையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். பின்சந்தில் ரிப்பேர் செய்யும் சீனர் திறந்து பார்த்து, மிஷின் நன்றாக இருக்கிறது என்று மூடிக் கொடுத்தார்.

முதலாளி கேட்டார், "என்னய்யா சரியில்லையாம்?"

"சொல்லமாட்றாங்க, பாஸ்."

"ஷாக் அடிக்குதா?"

"இல்லையாம்."

"அப்ப அவ்வளவு தூரம் போய் நீ என்னத்தக் கேட்ட? சுகமா இருக்கீங்களான்னு கேட்டுட்டு வந்தியா?"

அவர் மிக்சியைப் பெட்டியில் வைத்தார்.

"மாத்திக் குடு, எத்தன தடவ வேணாலும் மாத்திக் குடு. காசத் திருப்பிக் குடுக்கற கடை இல்ல இது. ஒருத்திக்குக் குடுத்தா அந்த லைனே வாசல்ல வந்து நிக்கும். அப்படி ஏதும் செஞ்சன்னா மேல்ரூம் சாவிய மேசையில வச்சிட்டுப் போயிரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. டேப்பில் ஓடிய பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே சொன்னார். அந்த மாதிரி சொன்னால் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

வழக்கமாக வார நாளில் காலையில்தான் அந்தப் பக்கம் போவேன். அந்த முறை வாரக்கடைசியில் மத்தியானம் போனேன், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், புருஷன்மாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று. அது டீவியில் தமிழ்ப்படம் போடும் நேரம். வாரத்துக்கு ஒன்றுதான். அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட நடக்காது. ஆனால் அன்று வரிசையில் இரண்டு கூரைமேல் ஆட்கள் நின்றார்கள்.

நான்காவது வீட்டில் கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வலது காலில் பெரிய கட்டு, ஸ்டூல்மேல் தூக்கி வைத்திருந்தார். டீவியில் கதாநாயகி முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. படம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம்.

"வா உக்காரு" என்றார் என்னிடம். பிறகு கூரையைப் பார்த்துக் கத்தினார், "இன்னும் கொஞ்சம் திருப்பு மச்சான்."

மேலேயிருந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "இப்ப?"

"இன்னும் மோசம் லா. உன்கிட்ட ஏரியலக் குடுத்ததே தப்பு."

"அப்ப நீயே ஏறி வா. இன்னொரு கால் இருக்கில்ல."

கணவர் சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார், "புது ஏரியல் போட்டேன், தெரியுமா? அத மாட்டப் போய்த்தான் ஏணி வழுக்கிச்சு. வேலைக்குப் போயி மாசமாகப் போவுது, போன வாரம்தான் ஆஸ்பத்திரியில விட்டாங்க. இந்தப் பாழாப்போன படத்தப் பார்க்கணும்னு."

டீவியைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். நான் மிக்சியைப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சமையல்கட்டுக்குள் போனேன். அந்தப் பெண் மிக்சி முன்னால் நின்றிருந்தார். பிளக் கழற்றியிருந்தது, வயர் சுற்றி வைத்திருந்தது. பக்கத்தில் அம்மியில் பாதி அரைத்த மசாலா. அவராகவே சொன்னார்:

"நான் இப்ப ஓட்டலண்ணே."

எனக்கு முதலில் புரியவில்லை. முன்னறையில் டீவி இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுச் சமையல்கட்டில் ஒரு மிக்சி ஓடும் சத்தம். அது நின்றது. முன்னறையில் கதாநாயகியின் குரல் தெளிவாக வந்தது. "ஆங், அப்படியே விட்ரு, தொடாத" என்று கணவர் கத்தினார். சுவருக்கு அப்பால் மிக்சி மறுபடி ஓடியது. டீவி பொரிந்தது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்ப என்னுது மட்டும் இல்ல" என்றார் அவர்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். லீவு நாளில் கறி எடுப்பார்கள், படம் ஓடும்போதுதான் மசாலா அரைக்கும் நேரம். அவர் மிக்சியைப் போட்டால் டீவியில் கோடு. உடனே புருஷன் கூரைமேல் ஏறுவார். மசாலா அரைத்து முடித்து அணைத்தால் படம் வந்துவிடும். ஏரியலைத் திருப்பியதால்தான் வந்தது என்று அவர் இறங்கிவிடுவார். மறுபடி இஞ்சி பூண்டுக்குப் போட்டால் மறுபடி ஏறுவார்.

"ரெண்டாவது வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிப்பாப் போயிருக்கும். சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவரு விழுந்துட்டாரு."

"எங்கிட்டயாவது முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"உங்ககிட்டயா?" என்றார். "மூணாவது வீட்ல என்ன கொழம்புன்னு எங்கிட்ட சொல்ற ஆளு நீங்க."

சுற்றி வைத்திருந்த மிக்சி வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். பிறகு விற்பனைக்காரன் புத்தி வேலை செய்தது. சொல்லிப் பார்த்தேன்: "நான் எல்லா வீட்லயும் பொதுவா சொல்லிடறேன். படம் முடியற வரைக்கும் யாரும் மிக்சி போடாதீங்கன்னு. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு."

"பொதுவாத்தான் சொல்வீங்க. சாயந்தரம் அவரு காதுக்கு வந்துடும். அவருக்கு இன்னும் கால ஊனி நிக்க முடியல. ஓவர்டைம் எல்லாம் போச்சு. நான் தெரிஞ்சும் கீழ நின்னு மசாலா அரைச்சேன்னு எப்படிண்ணே சொல்றது?"

அவர் சொல்வது சரி. நான் சொன்னால் அது மிக்சியின் கதையாக இருக்காது. ஒரு வரிசைப் பெண்கள் கீழே நின்று தங்கள் புருஷன்மாரைக் கூரைக்கு அனுப்பிய கதையாக இருக்கும். அதை நானே எத்தனை வீட்டில் தேநீரோடு சொல்லியிருப்பேன் என்றும் எனக்குத் தெரியும். முதலாளியிடம் மட்டும் சொல்லலாம் என்றால், அவர் மனைவியிடம் சொல்வார். மனைவியின் அக்கா முதல் வீட்டில் இருக்கிறார்.

"உங்களுது போனாலும் கோடு போகாதே அக்கா."

"போகாட்டிப் போகுது. என்னுதால இல்லன்னு எனக்குத் தெரியும் இல்ல."

என் பையில் அன்று கிள்ளானில் வசூலான கடைப்பணம் இருந்தது. அதிலிருந்து மிக்சிக்கு அவர் கொடுத்ததை எடுத்துக் கொடுத்தேன். மிக்சியைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். முன்னறை வழியாகத்தான் வெளியே போகவேண்டும். கணவர் பெட்டியைப் பார்த்தார்.

"என்ன, ரிப்பேரா?"

"ஆமாண்ணே. சரியில்ல."

"புதுசுதானே. என்ன ஆச்சு?"

"பார்க்கணும்" என்றேன். அவர் மறுபடி டீவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் கிள்ளான் வந்து, அங்கே மாறி, கோலாலம்பூர் வந்து சேரும்வரை பெட்டி மடியில் இருந்தது. வேறு வழி ஏதாவது தோன்றுமா என்று பார்த்தேன். அசதியில் தூங்கிவிட்டேன். ஏதோ ஒரு நிறுத்தத்தில் பக்கத்திலிருந்த மலாய்க்காரர் பெட்டி விழாமல் பிடித்துக்கொண்டார்.

கடையில் முதலாளி பெட்டியையும் வசூலையும் பார்த்தார். எதுவும் கேட்காமலே புரிந்துவிட்டது.

"காசத் திருப்பிக் குடுத்தியா?"

"குடுத்துட்டேன், பாஸ்."

"என்ன கோளாறாம்?"

"சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"சொல்லத் தெரியல, பாஸ்."

அவர் மிக்சியை எடுத்து மேசைமேல் வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டார். கடையில் டீவி கிடையாது. டேப்பில் பாட்டு தடையில்லாமல் ஓடியது. மிக்சியும் ஓடியது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓடுதே."

"ஓடுது" என்றேன். "ஆனா சரியில்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது என்றுதான் நினைக்கிறேன். அடக்கிக்கொண்டார். "இத அவங்க சொன்னப்ப உனக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும்?" என்றார்.

சாவியை மேசையில் வைத்தேன். மாடிக்குப் போய்ச் சட்டைகளைப் பையில் போட அதிக நேரம் ஆகவில்லை. இறங்கி வந்தபோது அவர் மிக்சி ஜாரைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்து, மேல்தட்டில் புதுப் பெட்டிகளோடு சேர்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு அம்மா நின்று விலை கேட்டார். "இருங்கம்மா, ஓட்டியே காட்டறேன்" என்று அதே பெட்டியைக் கீழே இறக்கினார்.

அடுத்து ஈப்போவில் வேலை தேடலாம் என்று தோன்றியது; அங்கே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியவில்லை. விசாரித்துக்கொண்டே நடந்தேன்.