பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே

ஆவூர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞானராஜ் ஒரு காரியத்தைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். 1957 கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு அவர் தன் ஆர்மோனியக் கட்டைகளுக்கெல்லாம் நம்பர் எழுதி ஒட்டியபோது, மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேருக்குக் காரணம் தெரியும்.

காரணம் அவர் மனைவி வியாகுலமேரியின் தொண்டை. உள்ளே புற்று வைத்துவிட்டது, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று திருச்சி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில், மகனைச் சிலுவையில் பறிகொடுத்த மாதாவின் புலம்பலை மேரி பாடினால், கல்நெஞ்சுக்காரனும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொள்வான். குரல் போனால் போகட்டும், அவள் பாடுகிற மாதிரியே பாட்டையாவது காகிதத்தில் பிடித்துவிட வேண்டும் என்று ஞானராஜ் கிடந்து தவித்தார்.

ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் கட்டை நம்பர். எவ்வளவு நேரம் இழுக்க வேண்டுமோ அத்தனை கோடு அடியில். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சுழி. அவர் கண்டுபிடித்த எழுத்து இதுதான். பாட்டைக் காதால் கேட்டிராதவள்கூட இதைப் பார்த்துப் பாடிவிடலாம் என்று பங்குச் சாமியாரிடம் அடித்துச் சொன்னார். மேரிக்குக் குரல் கம்மியிருந்தது, ஆனால் ராகம் கெடவில்லை. தை மாசம் முழுக்க, பொழுது சாய்ந்தால் அவளை உட்காரவைத்து, "எங்க, இன்னொரு தரம் பாடிக் காட்டு" என்பார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவள் கேட்டாள்.

"எழுதி வச்சுட்டா போயிராதுல்லங்க?"

"எழுதுனது எங்கிட்டுப் போகும்? இருக்கும் மேரி."

குரல்வளை போய், கழுத்தில் போட்ட துளை வழியே மூச்சு விட்டபடி மேரி வீடு திரும்பினாள். பெரிய வெள்ளி வந்தது. திருமயம் பக்கமிருந்து புதிதாய் வாழ்க்கைப்பட்டு வந்திருந்த மரிய செல்வி, மேரி பாடி ஒருநாளும் கேட்டவளில்லை. நம்பரைப் பார்த்தே பழகி, அன்று ஒரு சுரம் பிசகாமல் பாடினாள். அழுகிறவர்கள் அழுதார்கள். அன்றைக்கு யார் பாடினாலும் நாலு பேர் அழத்தான் செய்வார்கள். ஞானராஜோ காகிதத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார். எழுதினது எல்லாம் வந்துவிட்டது, மேரியைத்தான் காணோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பது?

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை மேரி முன்னால் விரித்து, தப்பு எங்கே என்று கேட்டார். அவள் தேடவே இல்லை. தாய் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வரியில், பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே நேராக விரலை வைத்தாள். அங்கே எழுத்தே இல்லை. அவர் பன்னிரண்டாம் கட்டையை அமுக்கினார். தலையாட்டி மறுத்தாள். பதிமூன்றை அமுக்கினார். அதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஆர்மோனியம் ஆடு மாதிரி கத்தியது. அவள் விரலை எடுக்கவில்லை. இரண்டு கட்டைக்கும் நடுவே இழைகிற அந்தச் சுரம் அவளுக்குத் தெரியும், அவருக்கு அதை எழுத வழி இல்லை.

ஒன்றும் ஓடாமல், தை மாசம் முழுக்கச் சொல்லிப் பழகின வாய் சொல்லிவிட்டது.

"எங்க, இன்னொரு தரம் பாடிக் காட்டு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மேரி அதற்குள் வாயைத் திறந்துவிட்டாள். கழுத்துத் துளைமேல் கட்டியிருந்த துணி மட்டும் ஒரு தரம் உப்பி அடங்கியது.