உப்புத்தாள் படாத ஒரு முனை

ஈயம் பற்றவைக்கிற செம்புக்கோலைப் பழுக்கக் காய்ச்சிக் குங்கிலியக் கட்டியில் வைத்ததும் 'சொய்ங்' என்று எழும்புகிற புகை இருக்கிறதே, அது பூசையில் போடுகிற சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. எங்காவது ரேடியோ ரிப்பேர் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ, நான் இந்த வயதிலும் நடையை எட்டிப்போட்டுக் கடந்துவிடுவேன்.

அப்பா விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் மோட்டார்களுக்குக் 'காயில் கட்டுற' கடை வைத்திருந்தார். கம்மாபுரம் பக்கத்துக் குடியானவர்கள் எரிந்துபோன கிணற்று மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, என்னவோ பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுபோல் இறக்கிவைத்துவிட்டுக் கவலையோடு நிற்பார்கள். அப்பா கெட்டிக்காரர்தான், ஆனால் அவருக்குக் கை முதலில் பேசும், வாய் அப்புறம்தான். கடையில் அவரோடு வேலை பார்த்தவர் மங்கலம்பேட்டைக் காதர் அண்ணன். இருபத்தைந்து வயதிருக்கும். தினமும் சைக்கிளில் வந்து போவார். கம்பிகளை ஈயத்தால் 'பத்த வைக்கிற' வேலை முழுக்க அவருடையது. பீங்கான் கம்பெனியில் கழித்துப் போட்ட கரண்டுக் கம்பத்துப் பீங்கான் ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் செம்புக்கோலைச் சாய்த்து வைத்திருப்பார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போய்க் காயில் முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பேன். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: காயில் கம்பியின் மேல் வார்னிஷ் தோல் ஒன்று உண்டு. அதைச் சுத்தமாக உரித்தால்தான் ஈயம் செம்பைப் பிடிக்கும். ஆனால் பாழாய்ப்போன அந்தத் தோலும் செம்பின் நிறமாகவே பளபளக்கும், தேய்த்ததா தேய்க்காததா என்று சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. "பாப்பா தேய்ச்சிக் குடுத்தா கண்ண மூடிக்கிட்டுப் பத்த வெக்கலாம்" என்று காதர் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்குத் தலைகால் புரியாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குப் புதுச்சேரியிலிருந்து 'சொல்தா' ஒருவர் காசு போட்டு விளையாடுகிற பந்து மிஷின் கொண்டுவந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பாடை நீளத்துக்கு ஒரு பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே கலர் பல்புகளும் மணிகளும். இரும்புக் குண்டு உருண்டு இறங்கும்போது பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் குட்டையான இரண்டு கைகள் அதை 'பட்' என்று மேலே அடித்து அனுப்பும். அந்தக் கைகளை இழுப்பது பலகைக்கு அடியில் இருக்கிற காயில்கள். வந்த வழியில் மழையில் நனைந்ததோ என்னவோ, மூன்று காயில் எரிந்துபோயிருந்தது.

அப்பா மிஷினைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காதர் அண்ணன்தான் அடியில் மல்லாக்கப் படுத்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்து, மூன்றையும் புதிதாகச் சுற்றினார். சொல்தாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏம்ப்பா, நம்ம மருமவன் பம்பாயில துபாய்க்கு ஆள் அனுப்புறான். கொடியேத்தத்துலேருந்து தேர் வரைக்கும் மிஷின் மக்கர் பண்ணாம ஓடட்டும், உன் பேர நானே எழுதிப் போடறேன்" என்றார்.

மங்கலம்பேட்டையில் காதர் அண்ணன் தெருவிலிருந்து இரண்டு பேர் அப்போதுதான் துபாய் போயிருந்தார்கள். காதர் அண்ணன் மறுநாளே இரவல் சட்டையில் போட்டோ பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டி, "எப்படிக்கீது பாப்பா, தொர மாதிரி இருக்கனா?" என்று கேட்டார். அவருடைய அம்மா கூரை வீட்டில் ஒழுகுகிற மூலைக்கெல்லாம் சட்டி வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் மூன்று காயில், ஆறு முனை என் முன்னால் கிடந்தன. ஐந்தைத் தேய்த்தேன். கோயில் மணி அடித்துவிட்டது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா புதுப் பாவாடையோடு வாசலில் நின்று, "வரியா இல்லியாடீ, கொடி ஏறிடும்" என்று குதித்தாள். ஆறாவது முனையைப் பார்த்தேன், பளபளவென்றுதான் இருந்தது. "தேய்ச்சாச்சா பாப்பா?" என்று உள்ளேயிருந்து காதர் அண்ணன் கேட்டார். "ஆச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மிஷின் ஓடியது. அதுதான் கொடுமை. வார்னிஷுக்கு உள்ளே, வெட்டுப்பட்ட நுனி மட்டும் ஈயத்தை ஒட்டியும் ஒட்டாமலும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம், சப்பரம் புறப்படுகிற நேரம், மிஷினைச் சுற்றிப் பெருங்கூட்டம் இருக்கும்போது அதன் இடது கை செத்துவிட்டது. பையன்கள் பெட்டியைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். சொல்தாவும் அப்பாவும் நிற்க, காதர் அண்ணன் பலகையைத் தூக்கி அந்தக் கம்பியை லேசாக இழுத்தார். அது ஈய உருண்டையிலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டது. நுனியைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோல் அப்படியே இருந்தது. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"என் கைத் தப்புங்க. பாக்காம வெச்சிட்டேன்" என்றார்.

"மானத்த வாங்கிட்டியேடா" என்று அப்பா கத்தினார். சொல்தா கத்தக்கூட இல்லை. "ஒரு முனையச் சொரண்டத் தெரியாதவன அனுப்பினா எம் மருமவன் என்னச் செருப்பால அடிப்பான்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் மணி நேரத்தில் மிஷின் சரியாகிவிட்டது, திருவிழா முடிகிற வரை ஓடவும் ஓடியது. துபாய்ப் பேச்சு மட்டும் அன்றோடு நின்றுபோனது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "திருவிழாக் கூட்டத்துல கண்ணு பட்டிருக்குது" என்று அம்மா வேப்பிலை தடவினாள். சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அப்பாவின் பெல்ட் ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வேன். அப்படியே சனிக்கிழமை வந்தது. தேருக்கு முந்தின நாள் பிள்ளைகள் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். வரிசை நீளம், சாமியாருக்கு நேரமில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்குப் பழக்கிவிட்டிருந்த முறை இதுதான்: பாவத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்.

"பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தடவ?"

"ஒரு தடவ."

என்ன பொய், யாரிடம், அதனால் யாருக்கு என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னேன். எழுந்தபோது உடம்பே காற்றாகிவிட்டது. ஆண்டவரே மன்னித்துவிட்டார், இனி யாருக்கு என்ன பாக்கி என்று ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை வெட்கமில்லாமல் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அந்தப் பதினோரு வயதுப் பெண்ணை இன்று கையில் பிடித்தால் கன்னத்திலேயே இரண்டு வைப்பேன்.

அதற்குப் பிறகு காதர் அண்ணன் என்னிடம் ஒரு முனையைக்கூடத் தேய்க்கக் கொடுக்கவில்லை. அப்பா கூப்பிட்டாலும், "பாப்பா படிக்கட்டுங்க முதலாளி, நான் பாத்துக்கறேன்" என்பார். முகத்தில் கோபம் இருக்காது. என் கல்யாணத்துக்கு வந்து பந்தலில் சீரியல் பல்பு போட்டுக் கொடுத்தார். அப்பா போகிற வரை அதே கடையில்தான் இருந்தார்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பந்து மிஷின் காயலான் கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் டீச்சராக இருந்து ரிட்டயர்டும் ஆகி, போன வருஷம்தான் துணிச்சல் வந்து மங்கலம்பேட்டைக்குப் போனேன். அவர் தெருவில் இரண்டு பக்கமும் துபாய்ப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள், நடுவில் சிமெண்டு ஓடு போட்ட ஒற்றை அறை. காதர் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மருமகள் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் பாப்பா" என்றார். "நான் சொல்லியிருந்தா உங்கப்பா உன் தோல உரிச்சிருப்பாரு. நீயா வந்து சொல்லியிருந்தா, சின்னப் புள்ளன்னு சொல்தா சிரிச்சிட்டு வுட்ருப்பாரு, எம் பேரயும் எழுதியிருப்பாரு. அதான் நீ வந்து சொல்லுவியான்னு பாத்துக்கினே இருந்தேன். அவரு திங்கக்கெழம மத்தியானம்தான் பஸ்ஸு ஏறினாரு."

அந்தத் திங்கட்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்தாவின் துணிப்பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போன காதர் அண்ணன், எங்கள் வீட்டு வாசலில் சொல்தாவையும் நிறுத்திக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான்தான் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகும் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.