பெண்கள் பக்கத்திலிருந்து வந்த குரல்

எழுபதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய், திருச்சியில் ஆண்கள் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு ஆரம்பித்தோம். ஒருவன் கிதார், ஒருவன் பாங்கோஸ், நான் பாட்டு. சினிமாப் பாட்டைத் தொடுவதில்லை, நாங்களே எழுதி நாங்களே மெட்டுப் போடுவது என்று ஒரு வீம்பு.

ஜோடிப் பாட்டுக்குப் பெண் குரல் வேண்டுமே! எந்த வீட்டில் பெண்ணை மேடைக்கு அனுப்புவார்கள்? அதனால் ஆண் குரலைக் கிதார் நண்பன் பாட, பெண் குரலை நான் பாடினேன். வகுப்பில் கேலிக்கு ஆளான என் கீச்சுக் குரல் மேடையில் எடுபட்டது. பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, சமயபுரம் திருவிழா என்று வளர்ந்தோம். சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்பிய கூட்டம், கொஞ்ச நாளில் எங்கள் பாட்டையே கேட்டு அனுப்பியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒத்திகை கிதார் நண்பன் வீட்டில்தான் நடக்கும். கத்தோலிக்கக் குடும்பம். அவனுடைய அக்கா ஞாயிறுதோறும் சர்ச்சில் பாடுவார். நாங்கள் பாடும்போது உள் அறையில் துணி தைத்துக்கொண்டிருப்பார், வெளியே வரமாட்டார். எனக்குச் சுருதி விலகினால் மட்டும் தையல் மிஷின் சத்தம் நின்றுவிடும். நான் சரிசெய்த பிறகுதான் மறுபடி ஓடும்.

அவர்கள் சர்ச் திருவிழாவில் பாட வாய்ப்பு வந்தது. அதுவரை நாங்கள் பார்க்காத கூட்டம். ஒரு வாரமாகவே என் தொண்டை கரகரத்தது. ஜலதோஷம் என்று நினைத்து மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடித்துக்கொண்டிருந்தேன். குரல் உடைகிற வயது என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லாரும் சீட்டு அனுப்பிக் கேட்ட அந்த ஜோடிப் பாட்டில், உச்சத்துக்குப் போகும் இடத்தில் என் குரல் பிளந்தது. மறுபடி முயன்றேன். சேவல் கூவுவதுபோல ஒரு சத்தம் வந்தது. சிரிப்பும் விசிலும் பறந்தன. மைக்கைப் பிடித்தபடி நின்றேன், செத்துவிடலாம் போலிருந்தது.

அப்போது கீழே, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, விட்ட இடத்தில் அந்த வரியை ஒரு குரல் எடுத்தது. அக்கா! எழுந்துகூட நிற்கவில்லை, மைக்கும் இல்லை. கேட்பதற்காகவே கூட்டம் அடங்கியது. நண்பன் கிதாரை மெதுவாக வாசித்தான். கடைசி வரிவரை அவரே பாடி முடித்தார். அப்படி ஒரு கைதட்டலை நாங்கள் அதற்குமுன் வாங்கியதில்லை.

நான் சொதப்பியதும் அவர் பாடியதும் முன்கூட்டியே போட்ட திட்டம் என்று கூட்டம் நினைத்துவிட்டது. கெட்டிக்காரப் பசங்க என்று பாராட்டினார்கள். அக்காவின் அப்பாவும் அப்படியே நினைத்து, தன் பெண்ணைக் கூட்டத்தில் பாடவைத்துவிட்டோம் என்று எங்கள்மேல் கோபப்பட்டார். மறுநாள் மூவரும் அவர் முன்னால் போய் நின்றோம்.

"நாங்க எதுவும் ஏற்பாடு பண்ணலைங்க அங்கிள்."

அவர் நம்பவில்லை. உள்ளேயிருந்து அக்காவே வந்தார்.

"யாரும் சொல்லலப்பா. தம்பி தவிச்சு நின்னான், நானாத்தான் பாடினேன்."

"அத்தனை ஆம்பளைங்க நடுவுல நீயா பாடினியா? அது இன்னும் மோசம்" என்றார் அப்பா. குரலை உயர்த்தவே இல்லை.

எங்கள் ஒத்திகை வேறு வீட்டுக்கு மாறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் அக்கா பாடவில்லை. அடுத்த வருடம் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பாடிக் கேட்டதே இல்லை என்று நண்பன் சொல்வான்.

அந்தத் திருவிழாவால்தான் எங்கள் பெயர் பரவியது. எண்பதுகளில் பாடகி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு தஞ்சாவூர், கரூர் என்று ஊர் ஊராகப் போனோம். "அன்னிக்கு என்னமா திட்டம் போட்டு அசத்தினீங்க!" என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வதுண்டு. எனக்கு மனசு கனத்துப்போகும். ஒருவர் நமக்குக் கைகொடுக்கும்போது அதற்காக அவர் எதை இழக்கிறார் என்று பார்க்க நான் கற்றுக்கொண்டது அக்காவிடம்தான், ஆனால் அந்தப் பாடத்தால் அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போய்விட்டது.