பனிக்கு அடியில் ஒன்பது நிமிடம்

என் மனைவி நிர்மலா பனிக்கு அடியில் புதைந்துபோனபோது, அவளைத் தேடி எடுக்க அந்தச் சரிவில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், இங்கே குளிர்காலம், நியூசிலாந்தின் தென் தீவில், காலை பத்தரை மணி இருக்கும். அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன்.

சபையில் பலருக்கு என்னைத் தெரியும். ஆக்லாந்தில் பிளாட் புஷ்ஷில் வீடு, பென்ரோஸில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. ஊர் தூத்துக்குடி. நியூசிலாந்துக்கு வரும் வரை நான் ஐஸைப் பார்த்தது மீன் பெட்டியில்தான். நிர்மலா மலேசியாவில் ஈப்போக்காரி, இங்கே பிசியோதெரபிஸ்ட். கூட வேலை செய்கிறவர்களோடு போய்ப் பனிச்சறுக்குக் கற்றவள், பிறகு மேலே ஏற்றிவிடும் லிஃப்ட்டும் மீட்புக் காவலும் இல்லாத மலைகளில் தானே ஏறிச் சறுக்க ஆரம்பித்தாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் கற்றுக்கொண்டேன். இரண்டு குளிர்காலம் விழுந்து எழுந்தேன்.

"சறுக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது லா," என்றாள், மலேசியாக்காரர்களின் 'லா'வோடு. "நான் புதைஞ்சா எடுக்கத் தெரியணும். இல்லாட்டி என்கூட வராதீங்க."

ரோஷம் வந்துவிட்டது. பனிச்சரிவு மீட்புப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தேன். இரண்டு நாள். ஃபியோனா என்ற பெண்தான் பயிற்சியாளர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் நெஞ்சில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிக்கொள்ள வேண்டும். புதைந்தவருடைய கருவி சிக்னல் அனுப்பும். தேடுகிறவருடைய கருவி எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்று காட்டும். ஃபியோனா ஒரு கருவியைப் பனியில் புதைத்துவிட்டு, "உன் மனைவி உள்ளே இருக்கிறாள், தேடு" என்றார்.

நான் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் கார் சாவியைக்கூடத் திருப்புவதில்லை. கண்ணைத் திறந்தபோது எனக்கு நெஞ்சுவலியோ என்று ஃபியோனா பக்கத்தில் வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும், "ஒரு நிமிடம் போய்விட்டது. அவளுக்கு மூச்சு இல்லை. ஓடிக்கொண்டே ஜெபம் பண்ணு" என்றார். கோபம் வந்தது. ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

ஆக்லாந்தில் பனி ஏது? ஹில்ஸ்பரோவில் ஒரு பூங்காவில் நிர்மலா கருவியை டிபன் டப்பாவுக்குள் வைத்துச் சருகுக் குவியலில் ஒளித்து வைப்பாள். நான் தேடுவேன். சனிக்கிழமைதோறும் இதே கதை. நாயோடு நடக்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதலில் பத்து நிமிடம், பிறகு ஆறு, பிறகு மூன்று. சொல்ல வெட்கமில்லை, எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது.

அந்த ஆகஸ்ட் பயணத்துக்கு முன் எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் மார்கரெட் அக்காவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, போனை நிப்பாட்டாதேங்கோ. நாங்கள் இஞ்ச எல்லாரும் ஜெபிச்சுக்கொண்டு இருப்பம்," என்றார். ஃபியோனாவோ போனை அணைத்துவிடச் சொல்லியிருந்தார், கருவிக்குப் பக்கத்தில் இருந்தால் சிக்னலைக் கெடுக்கும் என்று. ஜெபத்தை யாராவது அணைப்பார்களா? போனை நெஞ்சுப் பையிலேயே வைத்துக்கொண்டேன். காலையில் "ஏறுகிறோம், ஜெபியுங்கள்" என்று ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன்.

முதலில் நிர்மலா சறுக்கினாள். நான் மேலே பாறையோரம் நின்றேன். அவளுக்கு மேலே சரிவு கோடு போட்டதுபோல் விரிசல் விட்டது. சத்தம் பிறகுதான் வந்தது. பனித்தூள் அடங்கியபோது அவளைக் காணவில்லை.

"இயேசப்பா, இயேசப்பா" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். கண்ணை மூடவில்லை. கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினேன். முப்பது மீட்டர் என்றது. பிறகு பன்னிரண்டு. பிறகு நாற்பத்தைந்து. அம்புக்குறி ஒரு பக்கம் நிற்கவில்லை. மூன்று நிமிடம் அப்படிப் போயிற்று. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குமேல் போனால் நம்பிக்கை குறைந்துகொண்டே போகும் என்று எனக்குத் தெரியும். அவள் செத்துவிடுவாள் என்று நினைத்தேன். "ஆண்டவரே, எங்கே?" என்று கேட்டேன்.

நெஞ்சில் ஏதோ அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது. போன். எடுத்துப் பார்த்தால், ஆமென், ஆமென், ஆமென் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஃபியோனா சொன்னது அப்போதுதான் உறைத்தது. போனை அணைத்துத் தூர எறிந்தேன்.

அம்புக்குறி நின்றது. இருபத்திரண்டு. ஒன்பது. மூன்று. ஒன்றுக்கும் கீழே. முதுகுப்பையிலிருந்த மடக்குக் கம்பியை நீட்டிப் பனிக்குள் குத்தினேன். மூன்றாவது குத்தில் மெத்தென்று பட்டது. கம்பிக்கு நேர் மேலே தோண்டாமல், கற்றபடி சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து சிறு மண்வாரியால் தோண்டினேன். முகம் தெரிந்தது. உதடு நீலம். வாயிலிருந்த பனியை விரலால் எடுத்தேன். இருமினாள். நான் வாய்விட்டு அழுதேன்.

"அப்புறம் அழலாம் லா," என்றாள் முனகலாக. "கால் வலிக்குது. முதல்ல தோண்டுங்க."

அவள் காணாமல் போனதிலிருந்து முகம் தெரியும் வரை ஒன்பது நிமிடம். கால் எலும்பு முறிந்திருந்தது. வேறு சேதமில்லை. தூத்துக்குடிக்காரன் ஒருவன் பனியைத் தோண்டி மனைவியை உயிரோடு எடுத்தான் என்று இன்றும் மார்தட்டிச் சொல்வேன்.

போன்தானே கெடுத்தது, இதில் ஜெபத்துக்குப் பதில் எங்கே என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்விதான். கெடுத்ததும் அந்த ஆமென்கள்தான், காட்டிக்கொடுத்ததும் அந்த ஆமென்கள்தான். எங்கே என்று கேட்டேன், அந்த நொடியே என் நெஞ்சைத் தட்டினார். எனக்கு அது போதும். மார்கரெட் அக்காவிடம் சொன்னபோது, "இனி நீங்கள் ஏற முந்தியே ஜெபிச்சு முடிக்கிறம்," என்றார். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் குழுவில் ஏழு பேர் முதலுதவி வகுப்புக்குப் போனார்கள். அக்காதான் முதலில் பெயர் கொடுத்தார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் கடலுக்குப் போகிறவர், மருந்தில் உயிர் வாழ்கிறவர் இருப்பார்கள். அவர்களுக்காக ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். அவர் தரும் பதிலைச் செய்து முடிக்க உங்கள் கைகளையும் பழக்கி வையுங்கள்.

கால் குணமாகி நிர்மலா மறுபடியும் மலையேறுகிறாள். போன வாரம் அவளோடு வேலை செய்கிறவர்கள், உன்னோடு துணைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டார்களாம். என் கணவர் வருகிறார், வேறு யாரும் வேண்டாம் என்று சொன்னாளாம். அப்படிச் சொல்ல அவளை உயிரோடு வைத்த ஆண்டவருக்கே எல்லா மகிமையும்.