அக்கா விழுந்த முதல் காட்சி

என் அக்காவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதுகை மட்டும். படத்தில் கதாநாயகி மாடியிலிருந்து குதித்தால், ஓடும் லாரியில் தொங்கினால், அது பெரும்பாலும் அக்காதான். கதாநாயகி எழுந்து நின்று கூந்தலை ஒதுக்கும்போது, அக்கா ஓரமாக உட்கார்ந்து முழங்கையில் ஐஸ் வைத்துக்கொண்டிருப்பாள். முகம் தெரியாமல் விழுவதுதான் அவள் தொழில். தெரிந்துவிட்டால் மறுபடி விழ வேண்டும்.

அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தது வேறு கதை: சினிமா உடைகளுக்கு இஸ்திரி போடும் வேலை. வேறு வழியில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். விழுந்தவர்களைத் தூக்கித் தூக்கியே மூட்டு தேய்ந்தவள். நாங்கள் நாற்காலியில் ஏறி ஒட்டடை அடித்தாலே, "இறங்குடி, எனக்கு மறுபடி டூட்டி வைக்காத" என்பாள். அவளுக்குத் தெரிந்தால் அன்றோடு வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். அக்காவுக்கோ அந்த வேலை உயிர்.

வீட்டுக்கு வந்த காயங்களுக்கெல்லாம் இஸ்திரி மேசைதான் பழி சுமந்தது.

"மேசை இடிச்சிடுச்சும்மா."

"அது என்னடி மேசை, மாடு மாதிரி முட்டுது?"

நான் தலையணையில் முகம் புதைத்துச் சிரிப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது. அக்கா மறைப்பாள், பிசைந்து பரிமாறவும் செய்வாள்.

அம்மாவுக்குத் தியேட்டர் படிக்கட்டும் ஆகாது, சத்தமும் ஆகாது. அதை நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. இந்த முறை கம்பெனிக்காரர்கள் படத்தைத் தியேட்டருக்கு அனுப்பாமல் நேராக வீட்டு டிவிக்கே விட்டுவிட்டார்கள். அக்கா ஆசை ஆசையாக விழுந்த சண்டைப் படம். பக்கத்து வீட்டு அத்தை வந்து, எங்கள் டிவியில் அதைப் பார்க்க வழி செய்துகொடுத்துவிட்டுப் போனாள்.

"நீ இஸ்திரி போட்ட துணிய நானும் பாக்கணும்ல?" என்றாள் அம்மா.

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"மூணு மாடி ஒசரத்துலேருந்து கண்ணாடிக் கூரை மேல விழுறது ஒண்ணுதான்டி பயம். கடைசி சண்டை அது. கண்ணு காட்டுறேன், நீ வயரப் புடுங்கிடு."

"கடைசின்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஷூட்டிங் கடைசி நாள் எடுத்தாங்க. எல்லாரும் கை தட்டி கேக் வெட்டிட்டுத்தான் கெளம்புனோம்."

படம் எடுக்கும் வரிசை வேறு, காட்டும் வரிசை வேறு என்று எனக்குப் பாடம் நடத்தியவளே அவள்தான். தனக்கு வந்தபோது மறந்துவிட்டாள்.

ஞாயிறு மதியம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அக்கா பக்கத்தில் நிம்மதியாகச் சாய்ந்தாள். நான் ரிமோட்டோடு தரையில் உட்கார்ந்தேன். படத்தின் பெயர்கூட வரவில்லை. எடுத்த எடுப்பில் ஒரு மொட்டை மாடி. பின்னால் துரத்தும் ஆட்கள். விளிம்பில் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். அக்கா திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் உட்கார்ந்திருந்தாள். கண்ணும் காட்டவில்லை, காலும் காட்டவில்லை. நான் பதறி ரிமோட்டை அமுக்கியதில் சத்தம்தான் கூடியது.

திரையில் அந்தப் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் பின்பக்கம் துடைத்துக்கொண்டாள். குதித்தாள். கண்ணாடிக் கூரை நொறுங்கியது.

"நிறுத்து," என்றாள் அம்மா. "திரும்பப் போடு."

போட்டேன். மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

"கையப் பின்னாடி துடைக்குறா பாரு. சின்ன வயசுல மதில் சுவர்லேருந்து குதிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் துடைப்பா. எத்தன பாவாடை கறையாச்சு." அம்மா திரும்பவே இல்லை. "இஸ்திரி மேசையாம்."

அம்மா அக்காவின் இடது தோளை எட்டிப் பிடித்து, வார்டில் அழுத்திப் பார்ப்பதுபோல் விரலால் அழுத்திக்கொண்டே போனாள். அக்கா ஓரிடத்தில் முகம் சுளித்தாள்.

"இங்கதான் பட்டுச்சா?"

"ஆமாம்மா."

"ம். படத்தப் போடு."

இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அம்மா திட்டாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானாவது திட்டு வாங்கிப் பழகியவள். அக்கா பாவம், நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டாள். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், டிவி அவற்றை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு அடுத்த படத்துக்கு விளம்பரம் போட்டது.

"ஏய், பேரு போகுது!" அம்மா எழுந்தாள். எழுந்திருக்கப் பத்து முறை முனகுபவள், அப்படியே எழுந்து டிவியிடம் போய்விட்டாள். நான் எதையோ அமுக்கிப் பெயர்களைப் பெரிதாக்கி நிறுத்தினேன். அம்மா மூக்கு திரையில் இடிக்கத் தேடி, ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"அவ்வளவு ஒசரத்துலேருந்து விழுந்தவளுக்கு இவ்வளவு சின்ன எழுத்தா?"

விரலை எடுக்காமலே அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த படத்துலயாவது பெருசா போடச் சொல்லு."

அடுத்த படம் என்று அம்மா வாயாலேயே வந்துவிட்டது. அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பழக்க தோஷம், அழுவதற்கும் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் திரும்பிக்கொண்டாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அடிபட்ட தோளை விட்டு மறு தோளைத் தொட்டாள்.

"இந்தப் பக்கம் திரும்புடி. வீட்லயாவது மூஞ்சியக் காட்டு."