தறி ஓடாத நாளில் போட்ட திட்டம்

குளத்துக் கரையிலிருந்து ஐயாசாமி போன் செய்தபோது, வெங்கடலட்சுமி கோயில் திடலை ஒட்டிய பேக்கரி வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"அம்மணி, கரை கசியுதுங்க."

"அது எப்பவும் கசியறதுதானுங்களே?"

"எப்பவும் தெளிஞ்சு வருமுங்க. இப்பக் கலங்கலா வருது. கரை உள்ளுக்குள்ள அரிச்சுட்டிருக்குது. மேக்கால மலையில நேத்துப் பேஞ்ச தண்ணியெல்லாம் இப்பத்தான் ஆத்துல வந்து சேருது. நான் கரையை விட்டு எறங்கறேன். நீங்க சனத்தை மேட்டுக்கு ஏத்திப்போடுங்க."

ஐயாசாமி அந்தக் குளத்தின் மதகைப் பார்த்துக்கொள்பவர். பதறிப் பேசி யாரும் கேட்டதில்லை. இப்போதும் பதறவில்லை. அப்படிப்பட்டவரே கரையை விட்டு இறங்குகிறேன் என்கிறார். வெங்கடலட்சுமி டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள்.

சோமனூருக்குப் பக்கத்தில், நொய்யல் தண்ணீர் வந்து நிரம்பும் அந்தக் குளத்தின் கரைக்கு நேர் கீழே இருப்பது பள்ளக்காடு. இரண்டே தெரு, வீடுகளைவிட விசைத்தறிக் குடோன்கள் அதிகம். மேட்டில் கோயில், டிரான்ஸ்பார்மர், பேக்கரி, அதற்கும் மேலே பள்ளிக்கூடம். கரை உடைந்தால் பள்ளக்காடு என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கச் சொல்லிப் போன வருடம் தாலுகாவிலிருந்து வந்தார்கள். மகளிர் குழுவில் கூச்சப்படாமல் பேசக்கூடியவள் என்று வெங்கடலட்சுமியைப் பொறுப்பாளராகப் போட்டு, இரண்டு பையன்களோடு சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

அவள் வேலையை ஒழுங்காகவே செய்தாள். தெருவில் கோலமாவால் ஊர்ப்படம் போட்டு, எந்த வீட்டில் நடக்க முடியாதவர், எங்கே பிள்ளைத்தாய்ச்சி, யாருக்குக் காது கேட்காது, யார் வீட்டில் மாடு என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டாள். தறி ஓடும்போது யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள் என்பதால், மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாளாகப் பார்த்துப் போனாள். ஒத்திகையையும் அதே போன்ற ஒரு நாளில்தான் வைத்தாள். பேட்டரியில் ஓடும் கோயில் ஒலிபெருக்கியில் ஒரு தரம் சொன்னாள். ஒரு பால் பொங்கும் நேரத்துக்குள் ஊர் மொத்தமும் பள்ளிக்கூடத்தில் நின்றது. தக்காளிச் சோறு சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அதிகாரி கை கொடுத்தார்.

கேட்டதற்குப் பதில் வந்துவிட்டால், கேள்வி சரி என்று நம்பிவிடுகிறோம். அவளும் நம்பினாள்.

இப்போது ஒலிபெருக்கியில் சொன்னாள். "பள்ளக்காட்டு சனங்களுக்கு! கொளத்துக் கரை ஒடையப் போகுது. போட்டது போட்டபடி பள்ளிக்கூடத்துக்கு வாங்க!" மூன்று தரம் சொல்லிவிட்டுத் திடலின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள்.

ஒருவரும் வரவில்லை. தெருவில் ஒரு நாய் மட்டும் எழுந்து, அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்தது. இரண்டு தெருவிலும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ஒலிபெருக்கி என்ன, வானமே இடிந்து விழுந்தாலும் உள்ளே தெரியாது.

பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோபாலசாமி சிரித்தார். பள்ளத்தின் அடியில், வாய்க்காலை ஒட்டி இருக்கும் குடோன் அவருடையது. வெங்கடலட்சுமியின் புருஷன் ராமுலு அங்கேதான் தறி ஓட்டுகிறான்.

"ஏனம்மணி, இந்த வெயில்ல வெள்ளமா? மறுபடியும் தக்காளிச் சோறா?"

"மாமா, ஐயாசாமி அண்ணன் கரையை விட்டு எறங்கிட்டாருங்க."

கோபாலசாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. "அவன் எறங்கிட்டானா?" என்று எழுந்தார்.

அவள் பள்ளத்துக்குள் ஓடினாள். முதல் குடோனில் தறிகளுக்கு நடுவே நின்றிருந்த பெண்களைப் பார்த்துக் கத்தினாள். அவர்கள் வாயசைவைப் பார்த்தார்கள், புரியவில்லை. தண்ணீர் என்று கையால் காட்டினாள். ஒருத்தி தலையாட்டிவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். வெங்கடலட்சுமி அவள் தோளைப் பிடித்து வாசலுக்கு இழுத்து, காதில் வாய் வைத்துச் சொன்ன பிறகுதான் அவளுக்குக் கண் விரிந்தது. அப்போதும், "ஓடற தறியை எப்படிங்க அக்கா விட்டுட்டு வரது? பாவு நூலெல்லாம் அறுந்துபோகுமுங்க" என்றாள்.

ஒரு குடோனுக்கே இவ்வளவு நேரம் போய்விட்டது. அவளோடு பயிற்சி எடுத்த இரண்டு பையன்களும் திருப்பூரில் வேலையில் இருந்தார்கள். வாசல் வாசலாக ஏறி இறங்கினால் கடைசி வாசலுக்குத் தண்ணீர்தான் முதலில் போகும். தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஒத்திகை அன்று இதே தெரு எவ்வளவு அமைதியாக இருந்தது! அவள் ஊரை அளந்தது, ஊர் ஊராக இல்லாத ஒரு நாளில்.

கரண்ட் போனால் பள்ளக்காட்டில் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். தறி நின்ற மறுநிமிடம் தெருவுக்கு வந்து கரண்ட் ஆபீஸைத் திட்டுவது அந்த ஊரின் வழக்கம்.

லைன்மேன் நிஜாமுக்குப் போன் போட்டுக்கொண்டே மேடு ஏறினாள். நல்லவேளையாக அவர் டிரான்ஸ்பார்மருக்கு எதிரிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நிஜாம் அண்ணா, கரண்ட்டை நிறுத்துங்க."

"என்னங்கம்மணி, ஸ்டவ்வை அணைக்கற மாதிரி சொல்றீங்க? மேலே கேக்கணுமுங்க. கேக்காம நிறுத்துனா என்னைத்தான் நிறுத்திப்போடுவாங்க."

"கேளுங்க. கைப்பிடியை இழுத்துப்போட்டுக் கேளுங்க. கரண்ட் ஓடறப்பத் தண்ணி உள்ளே வந்தா அத்தனை பேரும் தறியோட ஒட்டிக்குவாங்க. அப்ப யாரைக் கேப்பீங்க?"

நிஜாம் அவள் முகத்தைப் பார்த்தார். பூட்டைத் திறந்து கம்பத்தின் இரும்புக் கைப்பிடியை இழுத்தார்.

பள்ளக்காடு ஒரே மூச்சில் அடங்கியது. பிறகு, எதிர்பார்த்தபடியே, வசவு வந்தது.

"ஏ நிஜாமு! நல்லா இருப்பியா நீ?"

"மாசம் ஒருக்கா பத்தாதுன்னு இன்னிக்குமா?"

வெங்கடலட்சுமி ஒலிபெருக்கிக்கு ஓடினாள். இப்போது ஒரே தரம் சொன்னால் போதுமாக இருந்தது. திட்டிய வாய்கள் மூடின. தெரு அசைந்தது. ஒருவர் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்; அவர் மனைவி அதைப் பிடுங்கித் திண்ணையில் வைத்துவிட்டு மாட்டின் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். நடக்க முடியாத பங்காரம்மாவை நாற்காலியோடு தூக்க யார் யார் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். அந்த நான்கு பேரும் வந்தார்கள். கோபாலசாமி துணி ஏற்றும் தன் டெம்போவைப் பின்பக்கமாகவே தெருவுக்குள் ஓட்டி வந்து பிள்ளைகளை ஏற்றினார். திட்டம் மோசமில்லை. அதற்குக் காது கேட்கும் ஊர் ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

திடலில் நின்று தெருத் தெருவாக முகம் பார்த்தாள். கடைசிக் குடோன் ஆட்கள் ஏறி வந்தார்கள். ராமுலு இல்லை.

"அவரு எங்கீங்க?"

"முன்னாடியே வந்திருப்பாருன்னு நெனச்சோமுங்க."

அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கரண்ட் போனால் ஊரெல்லாம் தெருவுக்கு வரும். ராமுலு மட்டும் குடோனின் பின்கோடியில் துணிக்கட்டுகளின் மேல் போய்ப் படுப்பான். இத்தனை வருடத் தறியில் அவன் காது பாதிக்கு மேல் போய்விட்டது. காது கேட்காதவர்கள் யார் என்று ஊர்ப்படம் போட்டுக் கேட்டபோது அவன் பெயர் அவள் நினைவுக்கே வரவில்லை. பள்ளக்காட்டில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள், கையால்தான் கூப்பிடுவார்கள். அதை யாரும் குறை என்று நினைத்ததில்லை. அந்தக் கேள்விக்கு ஊர் முழுக்கச் சேர்த்து அவளுக்குக் கிடைத்த பெயர் ஒன்றுகூட இல்லை.

"லட்சுமி, போகாதே!" என்று கோபாலசாமி கத்தியது பின்னால் கேட்டது.

இறக்கத்தில் ஓடினாள். கடைசிக் குடோனுக்கு முன்னால் வாய்க்கால் வழிந்து தெருவில் கணுக்கால் அளவுக்குச் செந்நீர் ஓடியது. உள்ளே இருட்டு. அவன் கேட்க மாட்டான் என்று தெரிந்தும், வீட்டில் பேசும் தெலுங்கில் உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே தறிகளுக்கு இடையில் போனாள். துணிக்கட்டுகளின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தான். நனையாத இடமாகப் பார்த்துப் படுத்தவன் போல நிம்மதியான தூக்கம். பாதத்தைப் பிடித்து உலுக்கினாள்.

ராமுலு கண்ணைத் திறந்தான். "கரண்ட் வந்துருச்சா?"

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். தரையில் இறங்கிய பிறகுதான் தண்ணீரைப் பார்த்தான். வெளியே வருவதற்குள் அது முழங்காலுக்கு வந்துவிட்டது. சுவரைப் பிடித்தபடி தெருவில் பாதி தூரம் ஏறியிருப்பார்கள். ராமுலு சட்டென்று நின்றான்.

"தரை அதிருது," என்றான்.

அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தறிக்காரனுக்குக் கால்தான் காது. எந்தத் தறி சரியாக ஓடவில்லை என்பதை நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவான். இப்போது அவன்தான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினான். அவர்கள் டிரான்ஸ்பார்மரைத் தொட்டபோது கரை உடைந்த ஓசை வந்தது. திரும்பிப் பார்த்தபோது கோபாலசாமியின் குடோன் கூரை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் சாய்ந்தது.

கோபாலசாமி ராமுலுவின் நனைந்த சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

பொழுது சாய்வதற்குள் தாலுகாவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஊர் மொத்தமும் இருந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று கேட்டதும் அதிகாரி, "உங்க திட்டம் அருமையா வேலை செஞ்சிருக்குதுங்க. மத்த ஊருக்கும் இதையே கொடுக்கலாம்" என்றார்.

"இருங்க சார்," என்றாள் வெங்கடலட்சுமி.

கூடத்தின் பின்பக்கம் போய் நின்றாள். சனங்கள் அவளுக்கு முதுகைக் காட்டி, இலைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார்கள். கத்தாமல், அதிகாரி பேசுகிற அதே குரலில், கேட்டாள்:

"யாருக்கெல்லாம் பசிக்குதுங்க?"

குழந்தைகள் திரும்பினார்கள். நிஜாம் திரும்பினார். பாக்கி முதுகுகள் அப்படியே இருந்தன.