மலைவீட்டு லொறி

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில் யாருடைய வான் காலையில் உயிர் பிடிக்க மறுத்தாலும் தள்ளிவிட ஆள் தேடுங்கள், பஸ்ஸில் போங்கள், மாதாவை மன்றாடுங்கள்; பெனடிக்ற்றை மட்டும் கூப்பிடாதீர்கள். மன்னார் பேசாலையில் பதினெட்டு வயதிலேயே படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவன் அவன் என்பது கோவில் பங்கில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போன உயிர்ப்பு ஞாயிறன்று கோவில் வாசலில் வான் நின்றுவிட்டபோது, ஏழெட்டு ஆண்கள் பொனெற்றைத் திறந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்க, அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்துவிட்டான். "அவர் அதெல்லாம் விட்டிட்டார்" என்று மனைவி மரியமலர் சமாளித்தாள். ஏன் விட்டார் என்று அவளுக்கும் தெரியாது. திமிர் பிடித்தவன் என்று சிலர் முணுமுணுத்தார்கள். திமிரும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. நடந்தது இதுதான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அவன் பலெர்மோவுக்குத் தனியாக வந்தான். மரியமலரும் கைக்குழந்தை சுஜானியும் இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். சீசாவில் கோபாலசிங்கம் என்ற யாழ்ப்பாணத்துக்காரரின் அறையில் ஒரு மூலை கிடைத்தது. வந்தவர்கள் எல்லோரும் சிஞ்ஞோரா எனப்படும் இத்தாலியச் சீமாட்டிகளின் வீடுகளில் தரை துடைத்தார்கள், சமைத்தார்கள். பெர்மெசோ, அதாவது இருக்க அனுமதிக்கும் கடதாசி, இல்லாத பெனடிக்ற்றை எந்த வீடும் உள்ளே விடவில்லை. கடைசியில் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், மடோனியே மலையில், ஆடு வளர்த்துப் பாற்கட்டி செய்யும் ஒரு வயோதிபத் தம்பதியிடம் வேலை அகப்பட்டது. கிழவர் பெயர் கலோஜெரோ. மனைவி நுன்சியா. பிள்ளை என்று ஒரே மகள். ஆறு கிலோமீற்றர் கீழே கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

பலெர்மோவில் மார்கழி தை என்றால் ஒரு சுவெற்றர் போதும். மலையில் அப்படியில்லை. அங்கே காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போகும். வாளித் தண்ணீர் இரவோடிரவாகக் கல்லாகிவிடும். பேசாலை வெயிலில் கறுத்த உடம்பு அந்தக் குளிரில் பட்ட பாட்டை அவன் யாருக்கும் எழுதவில்லை. முகாமில் தகரக் கொட்டகைக்குள் வேகிறவளுக்குக் குளிரைப் பற்றி எழுதி என்ன பிரயோசனம்?

முதல் குளிர்காலத்திலேயே கலோஜெரோ சொல்லிவிட்டார், "பனி கரைஞ்ச உடனை நீ வேறை இடம் பார். இஞ்சை இரண்டு ஆளுக்கு வேலை இல்லை, நான் ஒருத்தனே காணும்."  அந்த வாரமே குளிர் பூச்சியத்துக்குப் பத்துப் பாகை கீழே இறங்க, பாற்கட்டியைக் கிராமத்துக்கு ஏற்றிப்போகும் லொறி நின்றுவிட்டது. அவனைவிட வயது கூடிய லொறி. கிழவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பற்றரியைக் கொன்றார். மூன்று நாள் பாற்கட்டி வீணாகப் போனது.

நான்காம் நாள் பெனடிக்ற் கேட்காமலே பொனெற்றைத் திறந்தான். பில்ற்றரின் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் டீசல், உறைந்த தேங்காய் எண்ணெய்போல வெள்ளையாக நின்றது. அதைக் கண்டதும் அவனுக்குப் பாதி விளங்கிவிட்டது. கடற்கரையில் வாங்கிய டீசல் மலைக்குளிரைத் தாங்கவில்லை. டாங்கிக்குள் மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தான். தகரத் தட்டில் தணல் எடுத்து எஞ்சினின் எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் வைத்தான். சாக்கைச் சுடுதண்ணீரில் நனைத்து டீசல் பம்பைச் சுற்றிக் கட்டினான். பற்றரியை அடுப்படியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்து பூட்டினான். ஊரில் மழைக்காலத்துக் காலைகளில் செய்வதுபோல, எரியும் துணியொன்றைக் காற்று இழுக்கும் குழாய் வாயில் பிடித்தான். லொறி இருமி, உலுப்பி, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பியது. கலோஜெரோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வேறு இடம் பார்க்கும் கதை அதற்குப் பிறகு வரவில்லை. தன்னை அந்த வீட்டில் வைத்திருப்பது லொறிதான் என்று அவன் மனதில் எழுதிவைத்துக்கொண்டான்.

இரண்டு குளிர்காலம் அப்படியே போனது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கடைசியில், வேலை கொடுப்பவர் எழுதிக்கொடுத்தால் பெர்மெசோ கிடைக்கும் என்று அரசாங்கம் ஒரு கதவைத் திறந்தது. "எழுதித் தாறன்" என்றார் கலோஜெரோ. எப்போது என்று சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மருமகன் சால்வோ கிராமத்திலிருந்து, குளிரில் எஞ்சினை உள்ளிருந்தே சூடாக்கும் புது ஹீற்றர் பிளக் நான்கு வாங்கிவந்து எஞ்சினில் பூட்டினான். மறுநாள் விடியக் குளிரிலும் கிழவர் சாவியைத் திருப்பியதும் லொறி பிடித்துக்கொண்டது. தணலும் வேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம்.

"இனி இதுக்கெண்டு ஒரு ஆள் தேவையில்லை மாமா" என்று சால்வோ சாப்பாட்டு மேசையில் சிரித்தான்.

அவன் சொன்னது லொறியைப் பற்றி. பெனடிக்ற்றின் காதில் விழுந்தது தன்னைப் பற்றி. 

அன்று பொழுது சாயும் நேரம், லொறியைச் சாக்கால் மூடப் போனவன், டீசல் குழாய் பில்ற்றரோடு சேரும் இடத்திலுள்ள நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டான். அவ்வளவுதான். விடிவதற்குள் அதனூடாகக் காற்று உள்ளே போய், டீசல் டாங்கிக்கே திரும்பி வடிந்துவிடும். அதன்பின் எந்தக் கொம்பன் வந்து சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் பிடிக்காது. காலையில் கிழவர் திருப்பினார், சால்வோ திருப்பினான், அசையவில்லை. பெனடிக்ற் தணலும் சுடுதண்ணீருமாக ஒரு பெரிய திருவிழா நடத்தி, நடுவில் நட்டை இறுக்கி, பம்பைக் கையால் அடித்துக் காற்றை வெளியேற்றினான். லொறி எழும்பியது.

"இது உன்னைத் தவிர ஒருத்தரையும் மதிக்காது பெனெதெத்தோ!" என்று கலோஜெரோ அவன் முதுகில் அறைந்தார்.

கள்ள வேலைதான். பூசி மெழுக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் தலைவிதி இன்னொருவரின் கையெழுத்தில் தொங்கும்போது மனிதன் எதையெல்லாம் பிடித்துத் தொங்குவான் என்பது அப்படித் தொங்கியவர்களுக்குத்தான் தெரியும். மாசியில் கலோஜெரோ எழுதிக்கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெர்மெசோவைப் புதுப்பிக்கவும் மனைவி பிள்ளையைக் கூப்பிடவும் அந்த வீட்டின் கடிதம் மறுபடியும் வேண்டும் என்று கோபாலசிங்கம் சொன்னார். ஆகவே அடுத்த குளிர்காலமும் சாக்குப் போர்த்தும் நேரங்களில் அவன் கை அந்த நட்டுக்குப் போய்வந்தது.

தொண்ணூற்றேழு தை மாதம், பெர்மெசோ தயார், வந்து எடுக்கவும் என்று பலெர்மோ குவெஸ்தூராவிலிருந்து, அதாவது பொலிஸ் தலைமையகத்திலிருந்து, அழைப்பு வந்தது. காலையில் நேரத்தோடு வரிசையில் நிற்கவேண்டும். முதல்நாளே இறங்கியாக வேண்டும். வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நுன்சியா, "பனி கொட்டப் போகுது, இரண்டு நாள் பொறுத்துப் போகட்டும்" என்றாள்.

"நாலு வருஷம் பொறுத்தவன். நீ போ மகன், உன்ர கடதாசியை எடு. ஆட்டைச் சால்வோ வந்து பாப்பான்" என்றார் கலோஜெரோ.

பின்னேரம் மூன்று மணிக்குப் பெனடிக்ற் பற்றரியை அடுப்படியில் வைத்துவிட்டு லொறியை மூடினான். நட்டைத் தொடவேண்டாம் என்றுதான் நினைத்தான். பிறகு சால்வோ வரப்போவது நினைவுக்கு வந்தது. நான் இல்லாத நாளில் அவன் இதை ஸ்டார்ட் பண்ணிவிட்டானென்றால்? கடதாசி இன்னும் கைக்கு வரவில்லையே. ஒருநாள்தானே என்று ஸ்பானரை எடுத்தான். பிறகு கிராமத்துக்கு நடந்து போய்ப் பஸ் பிடித்தான்.

மறுநாள் பலெர்மோவில் பளிச்சென்று வெயில். வரிசையில் நின்றவர்கள் ஜக்கெற்றைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள். பதினொரு மணிக்குக் கடதாசி கையில் வந்தது. தன் படத்தையும் அதன்மேல் விழுந்த முத்திரையையும் நடைபாதையில் நின்று பார்த்துப் பார்த்து அழுதான். தெருவோரத்தில் ஒரு பொரித்த அரிசி உருண்டை வாங்கித் தின்றான். நான்கு வருடத்தில் அன்றுதான் சாப்பாடு ருசித்தது.

சீசாவுக்கு வந்தபோது கோபாலசிங்கம் வேலைக்குப் போகாமல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எடுத்திட்டியோ?"

"ஓம் அண்ணை. இஞ்சை பாருங்கோ."

அவர் கடதாசியைப் பார்க்கவில்லை. "தம்பி, மலையிலையிருந்து கோல் வந்தது. உன்ர முதலாளி மோசம் போயிட்டாராம்."

விடியக்காலை நெஞ்சுவலி. பாதை முழுக்கப் பனி. சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டியிருந்த அந்த லொறி ஒன்றுதான் இறங்கக்கூடிய வாகனம். ஆடு பார்க்க வந்து தங்கியிருந்த சால்வோ பற்றரியைப் பூட்டிச் சாவியைத் திருப்பினான். பற்றரி சாகும்வரை திருப்பினான். இரண்டு மணி நேரம் கழிந்தபின், கீழ்வீட்டு மேய்ப்பனும் அவனுமாகக் கிழவரைக் கதவுப்பலகையில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது.

 பெனடிக்ற்றுக்கு மறைக்கிற தெம்பு இல்லை. நட்டு, ஸ்பானர், கால் சுற்று, எல்லாவற்றையும் சொன்னான். கோபாலசிங்கம் எழும்பித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப தெரிய வேண்டாம். முதலாளியின்ர மனுசி நாளைக்குக் கடிதம் தராட்டி உன்ர பொஞ்சாதியும் பிள்ளையும் முகாமிலைதான் கிடந்து சாகோணும். செத்தவர் எழும்பி வரப்போறதில்லை."

"என்னை மகன் எண்டு கூப்பிட்டவர் அண்ணை."

"தெரியும். வாயை மூடு."

அடுத்த நாள் காலை அவன் மலையேறினான். உடலைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முற்றத்தில் ஊர் ஆண்கள் கறுப்புக் கோட்டுகளோடு நின்றார்கள். பிரேத வண்டி அந்தப் பாதையில் ஏறாது. சவப்பெட்டியைக் கிராமத்துக் கோவிலுக்கு லொறியில்தான் கொண்டுபோகவேண்டும். எங்கிருந்தோ புதுப் பற்றரி வந்திருந்தது. எல்லோரும் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

தணல் வைக்கவோ சுடுதண்ணீர் கேட்கவோ அவனுக்குக் கை வரவில்லை. பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க நட்டை இறுக்கினான். பம்பை அடித்தான். குமிழிகள் வந்து, குறைந்து, நின்றன. சாவியைத் திருப்பினான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து நுன்சியாவின் ஓலம் எழுந்தது. "இப்ப ஏன் கத்துறாய்! இப்ப ஏன்!" என்று அவள் யன்னலூடாக லொறியைப் பார்த்துக் கத்தினாள்.

சால்வோ அருகில் வந்தான். இரண்டு நாளாகத் தூங்காத முகம். விரல் மொளிகளெல்லாம் உரிந்து இரத்தம் கட்டியிருந்தன.

"எனக்குக் காட்டு. நான் எதைச் செய்யாமல் விட்டனான்?"

பெனடிக்ற் ஸ்பானரைப் பைக்குள் போட்டான். "குழாயிலை காற்றுப் போயிருந்தது" என்றான் மெல்ல. "இந்தப் பம்பை அடிச்சுக் காற்றை எடுக்கோணும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"மூண்டு நிமிஷம்."

"மூண்டு நிமிஷமோ?" சால்வோ பம்பைப் பார்த்தான், பிறகு தன் கைகளைப் பார்த்தான். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். "இரண்டு மணித்தியாலம் நான் சாவியைத் திருப்பிக்கொண்டு நிண்டனான். மூண்டு நிமிஷத்து வேலை. நான்தான் அவரைச் சாகடிச்சனான்."

பெனடிக்ற் வாயைத் திறந்தான். இல்லை, நீ இல்லை என்று சொல்ல அவனுக்கு இத்தாலியன் நன்றாகவே வரும்.

நுன்சியா வெளியே வந்தாள். மருமகனைத் தாண்டி வந்து பெனடிக்ற்றின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"உன்னை வேலையாலை நிப்பாட்டச் சொல்லி இவன் எத்தனை தரம் சொன்னவன் தெரியுமோ? அவர் கேக்கேல்லை. பிள்ளை மாதிரி ஒருத்தன் வந்திருக்கிறான், லொறி ஓடினாலும் ஓடாட்டிலும் அவன் இஞ்சைதான் இருப்பான் எண்டவர்." பிறகு பனியில் உட்கார்ந்திருந்தவன் பக்கம் திரும்பினாள். "இவனிட்டை அந்த வேலையைப் பழகு, பழகு எண்டு நானும் சொன்னனான். நீ பழகேல்லை."

"ஓம் மாமி. நான் பழகேல்லை" என்றான் சால்வோ, தலை நிமிராமல்.

மறுத்துச் சொல்ல ஒரே ஒருவன்தான் அங்கே இருந்தான். அவன் லொறியின் பின் தட்டைத் திறந்துவிட்டு, பெட்டியை ஏற்றலாம் என்றான்.